மூன்று பிரீடர்கள், ஒரு குட்டி: லேப்ரடார் தேடிய ஒரு குடும்பத்தின் நிகழ்வு ஆய்வு

நாய் பழக்குவது என் தொழில். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் குட்டியை வாங்கி, அது கடித்தோ பயந்தோ நொண்டியோ ஏதோ ஒன்று ஆன பிறகுதான் வருவார்கள். வாங்குவதற்கு முன்னாலேயே "எங்கே வாங்கலாம், யாரை நம்பலாம்" என்று கேட்டு வருகிறவர்கள் அபூர்வம். இந்தக் குடும்பம் அப்படி வந்ததால் நடந்ததை ஆரம்பத்திலிருந்து எழுத முடிகிறது. அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள். பிரீடர்களின், அதாவது நாய்களை இணை சேர்த்துக் குட்டி விற்கிறவர்களின், பெயரையும் விட்டுவிட்டேன்.

வீட்டில் ஐந்து பேர். கணவன் மனைவி இருவருக்கும் வேலை, மனைவி மட்டும் வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை செய்வார். பதினோரு வயது மகள், ஆறு வயது மகன், அப்புறம் கணவரின் அம்மா. அந்தப் பாட்டி கைத்தடி ஊன்றி நடக்கிறவர், வளர்ந்த லேப்ரடார் 30 கிலோவைச் சாதாரணமாகத் தொடும், சந்தோஷத்தில் ஒரு தடவை மேலே பாய்ந்தாலே போதும், விழுந்துவிடுவார். இதைப் பேசினோம். காப்பகத்திலிருந்து வளர்ந்த நாயாக எடுப்பதைப் பற்றியும் பேசினோம், நான் அதற்கு எதிரி இல்லை, சொல்லப்போனால் பாட்டி இருக்கிற வீட்டுக்கு அதுவும் நல்ல வழிதான். ஆனால் பிள்ளைகளோடு சேர்ந்து வளர்கிற குட்டிதான் வேண்டும் என்று முடிவெடுத்திருந்தார்கள். சரி, அது அவர்கள் முடிவு.

தேட ஆரம்பிப்பதற்கு முன்னால் நான் சொன்னது ஒன்றுதான்: முதல் தடவை பார்க்கப் போகும்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். ஆறு வார லேப்ரடார் குட்டி மடியில் ஏறிய பிறகு எந்தப் பிள்ளையும் "அம்மாவோட எக்ஸ்ரே எங்கே" என்று கேட்காது, பெரியவர்களும் கேட்க மாட்டார்கள்.

எக்ஸ்ரே என்றதும் கணவர் முழித்தார். அதைக் கொஞ்சம் விளக்க வேண்டியிருந்தது, இங்கேயும் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வரும் எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது. லேப்ரடாரில் பரம்பரையாக வரும் பெரிய தொல்லை இடுப்பு மூட்டும் முன்னங்கால் முழங்கை மூட்டும். தொடை எலும்பின் தலை இடுப்புக் குழிக்குள் இறுக்கமாக உட்காராமல் தளர்ந்து ஆடுவதைத்தான் ஹிப் டிஸ்பிளேசியா என்கிறார்கள். எட்டு வாரக் குட்டியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, அது நன்றாகத்தான் ஓடும். பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கிற விஷயம் இது, உடல் எடையும் வளர்ப்பும் கூடச் சேரும், அதனால் ஒரு டிஎன்ஏ டெஸ்ட் எடுத்து இருக்கிறது இல்லை என்று சொல்லிவிட முடியாது. தாய்க்கும் தந்தைக்கும் எக்ஸ்ரே எடுத்து, அதை அதற்கென இருக்கும் நிபுணர்கள் படித்துத் தரம் கொடுத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 1966-ல் தொடங்கிய ஓஎஃப்ஏ என்ற அமைப்பு நாய்க்கு 24 மாதம் ஆன பிறகுதான் இறுதித் தரம் தரும். பிரிட்டன் முறையில் ஒரு வயதுக்கு மேல் எடுக்கலாம், ஒவ்வொரு இடுப்புக்கும் 0 முதல் 53 வரை மதிப்பெண், குறையக் குறைய நல்லது. பென்ஹிப் என்ற முறையில் 16 வாரத்திலேயே மூட்டின் தளர்ச்சியை அளந்துவிடலாம். எந்த முறை என்பது எனக்கு இரண்டாம் பட்சம். தாள் இருக்கிறதா, அந்தத் தாள் அந்த நாயுடையதுதானா, இதுதான் கேள்வி.

மற்றவை சுலபம். கண்ணுக்குக் கண் மருத்துவ நிபுணர் வருடா வருடம் பார்க்க வேண்டும். பார்வை மெல்லப் போகும் பிஆர்ஏ வகை ஒன்று, வேகமாக ஓடிக் களைக்கும்போது பின்னங்கால் துவண்டு விழும் ஈஐசி, இவை இரண்டுக்கும் டிஎன்ஏ டெஸ்ட் உண்டு. இரண்டுமே பெற்றோர் இரண்டு பக்கத்திலிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் குட்டியைத் தாக்கும். ஆகவே தாய் தந்தையில் ஒன்று சுத்தமாக இருந்தால் மற்றது அந்த மரபணுவைச் சுமந்துகொண்டிருந்தாலும் குட்டிக்கு நோய் வராது. இரண்டுமே சுமந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு.

இப்போது ஆட்களுக்கு வருவோம்.

முதல் ஆளைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. விளம்பரம் பிரமாதம், ஏழெட்டு இனங்கள், எப்போது கேட்டாலும் குட்டி தயார். போனில் மனைவி பேசினார், நான் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தேன். ஐந்து வாரத்திலேயே எடுத்துக்கொள்ளலாம் என்றார். "சின்னதா இருக்கும்போதே எடுத்தாத்தாங்க உங்க மேல நல்லா ஒட்டும்." இதை நம்புகிறவர்கள் ஏராளம், உண்மை நேர் எதிர். 2011-ல் வெளியான ஒரு இத்தாலிய ஆய்வில், 30 முதல் 40 நாளுக்குள் பிரிக்கப்பட்ட நாய்களை இரண்டு மாதத்தில் பிரிக்கப்பட்டவற்றோடு ஒப்பிட்டார்கள். சீக்கிரம் பிரித்தவற்றில்தான் பயம், ஓயாத குரைப்பு, பொருட்களைக் கடித்து நாசம் செய்வது போன்றவை அதிகம். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்வது உடன்பிறந்தவற்றோடும் தாயோடும் உருண்டு விளையாடும் அந்த வாரங்களில்தான். அந்தப் பாடம் படிக்காமல் வரும் குட்டிகள்தான் எனக்குச் சோறு போடுகின்றன என்பது வேறு விஷயம்.

தாயைப் பார்க்கலாமா என்றதற்கு "அது வேற இடத்துல இருக்கு, குட்டியை நாங்களே கொண்டு வந்து தர்றோம்" என்றார். ஊசி? "எல்லா ஊசியும் போட்டாச்சு." ஐந்து வாரத்தில் எல்லா ஊசியும் போட்டு முடிக்கவே முடியாது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி தடுப்பூசியை வேலை செய்யவிடாது, அது எப்போது குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும், அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட்டு, கடைசி ஊசியை 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ போடச் சொல்கிறார்கள். இந்த ஒரு பதிலே போதும், போனை வைக்கலாம். இங்கிலாந்தில் 2020-லிருந்து ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியை வளர்த்தவரைத் தவிர மூன்றாம் ஆள் வியாபாரமாக விற்கத் தடை இருக்கிறது. அந்தச் சட்டம் வந்த காரணமே இந்த மாதிரி "கொண்டு வந்து தர்றோம்" வியாபாரம்தான்.

கொஞ்சம் தாமதித்து மனைவி கேட்டார்: "தாயைக் காட்டுறேன்னு வேற ஏதோ ஒரு நாயைக் காட்டினா?" நல்ல கேள்வி. சமீபத்தில் ஈன்ற நாயின் காம்புகள் தொங்கிப் பால் கட்டியிருக்கும், முடி கொட்டிக் கொஞ்சம் மெலிந்தும் இருக்கும். குட்டிகள் அதைப் பார்த்ததும் பாலுக்குப் பாயும். பளபளவென்று அழகாக நின்றுகொண்டு குட்டிகளைக் கண்டுகொள்ளாமல் இருக்கிற நாய் தாயாக இருக்காது.

இரண்டாவது இடம் பற்றித்தான் நிறைய எழுத வேண்டும், ஏனென்றால் கெட்டவர்களை ஒதுக்குவது சுலபம், நல்லவர்களை ஒதுக்குவதுதான் கஷ்டம்.

அது பிரீடரே இல்லை, ஒரு வீடு. செல்லமாக வளர்த்த பெண் லேப்ரடார், மூன்று வயது, "ஒரு தடவையாவது குட்டி போடட்டும்" என்று நண்பர் வீட்டு ஆண் நாயோடு சேர்த்திருக்கிறார்கள். எட்டு குட்டிகள், ஹாலின் ஒரு மூலையில் தடுப்பு கட்டி வளர்க்கிறார்கள், சுத்தமோ சுத்தம். மிக்ஸி சத்தம், பிள்ளைகள் ஓடுகிற சத்தம், வருகிற போகிற ஆட்கள், எல்லாம் குட்டிகளுக்குப் பழக்கம். மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை ஒரு குட்டி எதையெல்லாம் பார்க்கிறதோ அதெல்லாம் அதற்கு வாழ்நாள் முழுக்கச் சாதாரணம், ஆகவே இந்த விஷயத்தில் அந்த வீட்டுக்கு நூற்றுக்கு நூறு. தாய் நாய் எங்களைப் பார்த்ததும் வாலை ஆட்டிக்கொண்டு வந்து மனைவியின் காலடியில் சாய்ந்து படுத்துக்கொண்டது. தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டாம் என்பார்களே, குணத்தைப் பொறுத்தவரை அது நாய்க்கும் பெருமளவு பொருந்தும். பூச்சி மருந்தும் இரண்டு வாரத்திலிருந்தே முறையாகக் கொடுத்திருந்தார்கள். உருளைப்புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்குப் போய்விடும் என்பது தெரிந்திருந்தது. கணவர் அப்போதே அட்வான்ஸ் கொடுக்கத் தயாராகிவிட்டார், அது அவர் முகத்திலேயே தெரிந்தது.

எக்ஸ்ரே கேட்டேன். "டாக்டர் பார்த்துட்டாருங்க, ஒரு குறையும் இல்லைன்னுட்டார்." மருத்துவர் பார்த்தது குட்டிகளை. இதயத் துடிப்பு, அண்ணம் பிளந்திருக்கிறதா, தொப்புள் குடலிறக்கம் இருக்கிறதா, இதெல்லாம் பார்த்திருப்பார், அது தேவைதான். ஆனால் அதற்கும் பெற்றோரின் மூட்டைப் படமெடுத்துப் பார்ப்பதற்கும் சம்பந்தமே இல்லை. விற்பவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு இரண்டும் ஒன்று என்ற எண்ணம், வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கும் அதே எண்ணம்தான்.

பிறகு வம்சாவளித் தாள்களைக் கொண்டு வந்தார், பெருமையாக. நாய்களின் வம்சாவளியைப் பதிவு செய்கிற சங்கமான கென்னல் கிளப்பின் பதிவு என்றாலே தரம் என்று நினைக்கிறார்கள். அது இன்ன நாய்க்கும் இன்ன நாய்க்கும் பிறந்தது என்ற பதிவு, பிறப்புச் சான்றிதழ் மாதிரி, அவ்வளவுதான். ஆனாலும் அந்தத் தாள் வேறு ஒரு விதத்தில் உதவியது. தாயின் தாளையும் தந்தையின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துக்கொண்டு போனால், தாயின் அப்பா பெயரும் தந்தையின் அப்பா பெயரும் ஒன்று. அதாவது இணை சேர்த்தவை இரண்டும் ஒரே அப்பாவுக்குப் பிறந்தவை, அம்மா மட்டும் வேறு. இந்தக் குட்டிகளின் உள்ளினப்பெருக்க அளவு, அதாவது ரத்த உறவுக்குள்ளேயே இணை சேர்ந்ததன் அளவு, அந்த ஒரு உறவாலேயே 12.5 சதவீதம். மனிதர்களில் அண்ணன் தங்கை உறவுமுறையில் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் கல்யாணம் செய்தால் வருவது 6.25, அதைப் போல இரண்டு மடங்கு. வீட்டுக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. இரண்டுக்கும் அப்பாவான அந்த நாய் அந்த வட்டாரத்தில் பெயர் பெற்றது, நிறையப் பேர் அதனிடம் கிராஸ் போட்டிருக்கிறார்கள், யாரும் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. வேண்டுமென்று செய்ததில்லை.

திரும்பும் வழியில் காரில் நல்ல வாக்குவாதம். கணவர் பக்கத்து நியாயம் பலமானது: நல்ல வீடு, நல்ல தாய், நல்ல வளர்ப்பு, தாள் இல்லாததற்காக இதை விடுவதா? நான் சொன்னது இது. குணத்துக்கு அங்கே பார்த்ததே ஆதாரம், கண்ணால் பார்த்தாயிற்று. மூட்டுக்கு ஆதாரம் எதுவும் இல்லை, இரண்டு பக்கமும் ஒரே தாத்தா என்பதால் அவருடைய மூட்டில் கோளாறு இருந்திருந்தால் அது இரண்டு வழியாகவும் வந்து சேரும், அவருக்கும் எக்ஸ்ரே இல்லை. தாய்க்கு மூன்று வயது ஆகிவிட்டது, எடுக்க நினைத்திருந்தால் எடுத்திருக்கலாம். மனைவி எந்தப் பக்கமும் பேசவில்லை. வீட்டுக்குப் போய் மாமியாரிடம் கேட்டாராம். பாட்டி சொன்னது: "எனக்கே மூட்டுவலி. அதுக்கும் வந்தா ரெண்டு பேரையும் யாரு தூக்குறது?" அதோடு முடிந்தது.

அந்த வீட்டுக்காரரை நான் குறை சொல்லவில்லை. முதல் ஆளையும் இவரையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. அடுத்த முறைக்கு என்னென்ன டெஸ்ட் என்று அவர் கேட்டார், எழுதிக் கொடுத்தேன். தாய்க்குக் கருத்தடை செய்துவிடுவதைப் பற்றியும் பேசினார்.

மூன்றாவது பிரீடர் ஒரு அம்மா. லேப்ரடார் மட்டும்தான், பெண் நாய்கள் நான்கு, அதில் ஒன்று வயதாகி ஓய்வில். குட்டி இப்போது இல்லை, அடுத்த ஈற்றுக்குச் சில மாதம் ஆகும், அதுவும் பட்டியலில் இடம் இருந்தால். போன் செய்த மனைவிக்குக் கோபமே வந்துவிட்டது, ஏனென்றால் கேள்வி கேட்டதெல்லாம் அந்த அம்மா. பகலில் யார் வீட்டில் இருப்பார்கள், படிக்கட்டு எத்தனை, பையன் இதற்கு முன் நாயோடு பழகியிருக்கிறானா, பாட்டி எந்த அறையில் இருக்கிறார், நாய்க்கு உடம்பு சரியில்லாமல் போனால் செலவுக்கு என்ன ஏற்பாடு, இடம் மாறிப் போக வேண்டி வந்தால்? "பொண்ணு பார்க்க வந்த மாதிரி இருக்கு" என்றார் மனைவி. எனக்கு அப்போதே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. குட்டி எங்கே போகிறது என்று கவலைப்படாதவர்தான் இவ்வளவு கேட்க மாட்டார்.

நேரில் போனோம். நாய்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தன. கேட்பதற்கு முன்னாலேயே கோப்பை எடுத்து வைத்தார். தந்தை நாய்க்கு இடுப்பு "குட்", தாய்க்கு "ஃபேர்". ஓஎஃப்ஏ தரவரிசையில் எக்ஸலண்ட், குட், ஃபேர் மூன்றும் தேர்ச்சிதான், ஆனால் ஃபேர் கடைசிப் படி. அவரே அதைச் சொல்லிவிட்டு, ஏன் அந்தத் தாயை வைத்துக்கொண்டார் என்பதையும் சொன்னார்: முழங்கை சுத்தம், கண் சுத்தம், குணம் தங்கம், தாயின் உடன்பிறந்தவற்றில் படமெடுத்தவை எல்லாம் குட். ஃபேரோடு இன்னொரு ஃபேரைச் சேர்க்க மாட்டாராம், அதனால்தான் இந்தத் தந்தை. தந்தை ஈஐசி மரபணுவைச் சுமக்கிறது, தாய் சுத்தம், ஆக எந்தக் குட்டியும் விழாது, ஆனால் சில குட்டிகள் சுமக்கும். இதையும் அவரே சொன்னார். கணவருக்கு இங்கே சந்தேகம் வந்தது, ஃபேர் என்றால் குறைதானே, போன இடத்தில் யாரும் குறை சொல்லவில்லையே என்று. போன இடத்தில் யாரும் பார்க்கவே இல்லை, அதனால் சொல்ல ஒன்றுமில்லை.

நான் ஒன்று கேட்டேன், கொஞ்சம் சங்கடமான கேள்விதான். எக்ஸ்ரே தாளில் இருக்கும் மைக்ரோசிப் எண் தாயின் உடம்பில் இருக்கிற சிப்தானா? அந்த அம்மா சிரித்துக்கொண்டே உள்ளே போய் ஸ்கேனரை எடுத்து வந்து தாயின் கழுத்தில் ஓட்டிக் காட்டினார், 15 இலக்கமும் தாளோடு ஒத்துப்போனது. ஓஎஃப்ஏ முடிவுகளைப் பதிவு எண் போட்டுத் தேடினால் இணையத்திலேயே பார்க்கலாம், அதையும் மகள் வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தாள். இந்தச் சரிபார்ப்புக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது, கோபப்படுகிற பிரீடரிடம் வாங்க வேண்டாம்.

ஒப்பந்தத்தில் எனக்குப் பிடித்த வரி, எந்த வயதில் எந்தக் காரணத்தால் வளர்க்க முடியாமல் போனாலும் நாய் திரும்ப அவரிடமே வர வேண்டும் என்பது. வேறு யாருக்கும் கொடுக்கவோ விற்கவோ கூடாது. ஒரு ஈற்றில் ஏழெட்டுக் குட்டி என்றால் அத்தனையையும் பத்துப் பன்னிரண்டு வருடம் திரும்ப வாங்கத் தயாராக இருக்கிறவர் வருடத்துக்கு நிறைய ஈற்று எடுக்க முடியாது, இடம் பற்றாது. பிரீடரின் அளவைக் கட்டுப்படுத்த இதைவிட நல்ல வரி எனக்குத் தெரியாது.

காத்திருந்தார்கள். சினைக்காலம் ஒன்பது வாரம், அப்புறம் குட்டிக்கு எட்டு வாரம், அதற்கு முன்னால் தாய் பருவத்துக்கு வர வேண்டும். இடையில் பையன் அடம் பிடித்தான், கணவர் இரண்டாவது வீட்டை மறுபடி நினைத்தார், ஒரு மாதிரி ஓட்டினார்கள். ஏழு குட்டிகள் பிறந்தன.

குட்டியைத் தேர்ந்தெடுக்க விடவில்லை என்பது இன்னொரு சண்டை. பையன் ஆசைப்பட்டது ஓடி வந்து ஷூ கயிற்றைக் கடித்து இழுத்த கறுப்புக் குட்டி. அந்த அம்மா அதைத் தர மாட்டேன் என்றார். எழுந்ததிலிருந்து தூங்கும்வரை நிற்காத குட்டி அது, தினம் மணிக்கணக்கில் வேலை கொடுக்கிற ஆளுக்குத்தான் போகும், கைத்தடி ஊன்றுகிற பாட்டி இருக்கிற வீட்டுக்கு வேண்டாம் என்று நடுவில் படுத்திருந்த ஒரு மஞ்சள் பெண் குட்டியைக் காட்டினார். ஏழாவது வாரத்தில் ஒரு நாள் வைக்கும் குணப் பரிசோதனைகளில் எனக்கு நம்பிக்கை கிடையாது, அதை வைத்து வளர்ந்த நாயைக் கணிக்க முடிவதில்லை. ஆனால் எட்டு வாரம் ராத்திரி பகலாகக் கூடவே இருந்த ஒருவர் சொல்வதும், அரை மணி நேரம் பார்த்த நாம் ஆசைப்படுவதும் ஒன்றாகாது. மகள் "ரெண்டையும் எடுத்துக்கலாமா" என்று கேட்டாள். ஒரே ஈற்றில் இரண்டு குட்டிகளை ஒரே வீட்டுக்குத் தருவதில்லை என்றார், அதில் நானும் அவர் கட்சி.

கொடுக்கும்போது சொன்னது பெரும்பாலும் எடையைப் பற்றித்தான். லேப்ரடார்கள் பலவற்றில் வயிறு நிறைந்தாலும் பசி அடங்காத மாதிரி ஒரு மரபணு மாற்றம் உண்டு, 2016-ல் கண்டுபிடித்தார்கள், ஆகவே அது பார்க்கிற பார்வைக்கெல்லாம் தட்டில் போடக் கூடாது. 2002-ல் முடிவு வெளியான இன்னொரு ஆய்வில் 48 லேப்ரடார்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்தார்கள், பாதி நாய்களுக்கு, ஒப்பிடுவதற்காக ஜோடி சேர்த்த மற்ற நாய் தின்பதைவிட 25 சதவீதம் குறைவாகவே உணவு. குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக இருந்தன, இடுப்பு மூட்டுத் தேய்மானமும் அவற்றில் தாமதமாகவே வந்தது. விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தக் கூடாது, அதுதான் அளவு என்று சொல்லி அனுப்பினார்.

மஞ்சள் குட்டிக்கு இப்போது இரண்டு வயது தாண்டிவிட்டது. பாட்டி மேல் பாயாது. அதற்கு நானும் கொஞ்சம் பாடுபட்டேன் என்பதைச் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் எல்லாம் சுபம் என்று எழுத முடியாது. ஏழில் ஒன்று, இவர்களுடையது இல்லை, பத்து மாதத்தில் முன்னங்கால் நொண்ட ஆரம்பித்தது, முழங்கை டிஸ்பிளேசியா. பெற்றோர் இரண்டின் முழங்கையும் சுத்தமாக இருந்தும் வந்தது. பல மரபணு சேர்ந்த நோய் அப்படித்தான், நல்ல பெற்றோரைச் சேர்த்தால் வாய்ப்பு குறையும், பூஜ்யம் ஆகாது. இதை இவர்கள் தெரிந்துகொண்டது அந்தக் குடும்பத்திடமிருந்து இல்லை, பிரீடரிடமிருந்து. ஏழு குடும்பத்துக்கும் அந்த அம்மாவே எழுதினார், என்ன ஆயிற்று, உங்கள் நாயில் எதைக் கவனிக்க வேண்டும், முடிந்தால் இரண்டு வயதில் எல்லோரும் இடுப்பும் முழங்கையும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள் என்று. ஐந்து பேர் அனுப்பினார்கள். இவர்களுடைய நாய்க்கு இடுப்பு குட், முழங்கை சுத்தம். மற்றவையும் பரவாயில்லை. ஆனாலும் அந்த ஜோடியை மறுபடி சேர்க்கவில்லை, தாய்க்கு அந்த வருடமே கருத்தடை செய்துவிட்டார், பட்டியலில் காத்திருந்தவர்களுக்குக் காரணத்தோடு சொல்லி வேறு பிரீடர் பெயரையும் கொடுத்தாராம்.